பின்னால் நிற்பவள்

கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொன்னான் பிசியோதெரபி பையன் தினகர். கையை ஊன்றுவது ஏதோ களவு என்பதுபோல, அவளுடைய இரண்டு கைகளையும் அவனே எடுத்து நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துவிட்டான். ஞானசெல்வம் நாற்காலியில் இருந்தபடியே அவனை அண்ணாந்து பார்த்தாள். மீசை ஒழுங்காக அடராத முகம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஸ்டாப்வாட்ச், நடக்கும்போதெல்லாம் தரையில் கிறீச்சிடும் வெள்ளை ஷூ. கோர்ட்டில் இந்த வயசு வக்கீல்கள் அவள் மேசைப் பக்கம் வருவதென்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடம் நேரம் இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஜில்லா கோர்ட்டில் ஸ்டெனோவாகச் சேர்ந்து ஸ்டெனோவாகவே ஓய்வு பெற்றவள். எத்தனையோ நீதிபதிகள் வந்தார்கள், போனார்கள், அவர்கள் வாயிலிருந்து விழுந்ததை ஒரு சொல் சிந்தாமல் பிடித்தவள். இப்போது அவளையே இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சேலைக்கு மேலே அகலமான காடாத்துணிப் பட்டை, விழப்போனால் இழுத்து நிறுத்த. சந்தையில் மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், அது மட்டும்தான் பாக்கி. "எழுந்திருங்கம்மா, மெதுவா, உங்களால முடியும்." அம்மாவாம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவளை இந்த வயசில் ஊரே சேர்ந்து அம்மா ஆக்கிவிட்டது. நர்ஸுக்கு அம்மா, ஸ்கேன் எடுக்கிறவனுக்கு அம்மா, கக்கூஸ் கழுவ வருகிறவளுக்கு அம்மா. அவள் எழுந்தாள். உடைந்து கம்பி வைத்த வலது இடுப்பு எண்ணெய் காணாத கீல் மாதிரி உள்ளுக்குள் முனகியது, தொடை நடுங்கியது, ஆனாலும் எழுந்துவிட்டாள். "சூப்பர்மா" என்றான். நின்றதற்குச் சூப்பர். இன்னும் கொஞ்சம் போனால் கை தட்டி நிலா காட்டுவான்.

இன்றைக்கு எடுக்கிற இந்தச் சோதனையில்தான் எல்லாம் இருக்கிறது என்று பெரிய டாக்டர் போன தடவையே சொல்லியிருந்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி உடம்பு விழாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்திக்கொண்டால் வீட்டில் தனியாகவே இருக்கலாம், இல்லையென்றால் எந்நேரமும் கூட யாராவது வேண்டும் என்றார். அந்த யாராவது இப்போது சுவரோர பெஞ்சில், பிளாஸ்கும் துண்டும் வைத்த பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லீதியாள். கூடப்பிறந்த தங்கை. புருஷன் செத்ததும் ஒரு தையல் மிஷினும் டிரங்குப் பெட்டியுமாக, பாளையங்கோட்டையில் அக்கா கட்டிய வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்தபோது தலை கறுகறுவென்று இருந்தது. பிறகு நரைத்தது, நரைத்ததைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை. போன கிறிஸ்மஸிலிருந்து திடீரென்று மை பூசுகிறாள். மை பூசிய அந்தத் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெட்பேன் வைத்தாள், எடுத்தாள், கழுவினாள், வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்தாள். ஒரு நாள் ஒரு பொழுது முகம் சுளிக்கவில்லை. இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் என்று பக்கத்துக் கட்டில்காரிகள் மாய்ந்து போனார்கள். ஞானசெல்வம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுளிக்க வேண்டிய இடத்தில் சுளிக்காத முகத்தை அவள் கூண்டில் நிறையப் பார்த்திருக்கிறாள். உண்மையாக அழுகிற சாட்சி மூக்கைச் சிந்துவான், எரிச்சல்படுவான், தண்ணீர் கேட்பான். பாடம் பண்ணி வந்தவன்தான் கடைசிவரை மரியாதையாக நிற்பான்.

"இப்ப கண்ணை மூடிட்டு நில்லுங்கம்மா, நான் சொல்ற வரைக்கும்." மூடினாள். மூடினதுமே தரை, தான் தரை என்பதை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. பாதங்களுக்கு அடியில் எதுவோ மெல்ல ஊர்ந்தது, அல்லது பாதங்கள்தான் ஊர்ந்தன. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டிக் என்றது, ஹாலின் மறு கோடியில் யாரோ ஒரு நோயாளி ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான், பினாயில் வாடையும் யாருடைய காலிலோ தேய்த்த தைல வாடையும் கலந்து மூக்கில் ஏறின. அந்த இருட்டில் எப்போதும் வருகிற தட்டட்டி வந்தது, வீட்டு மொட்டைமாடி, காய்ந்த துணிகள், பொசுக்கென்று கறுத்த வானம், முதல் தூறலின் மண் வாசனை. இரண்டு பேருமாக ஓடி ஓடித் துணி எடுத்தார்கள். எடுக்கிற அவசரத்திலேயே, மூஞ்சியைக் கொடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, லீதியாள் சொன்னாள்: தேவபிச்சை சார் கேட்டார், நான் சரின்னுட்டேன். பஸ்ஸில் போய்வருகிற தூரத்து நாசரேத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி செத்தவர், சர்ச் பாடகர் குழுவில் தொண்டை கட்டின குரலில் பாடுகிறவர். கேட்டாராம். இவள் சரியென்றாளாம். இந்த வயசில், தலைக்கு மை பூசிக்கொண்டு. ஞானசெல்வம் கை நிறையத் துணியோடு முன்னால் இறங்கினாள், லீதியாள் பின்னால் வந்தாள். வெளிப்பக்கத்துச் சிமெண்டுப் படி, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது. ஞானசெல்வம் ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினாள். என்ன சொன்னாள் என்பது வழக்குக்குத் தேவையில்லை. அப்போது முதுகில், இடது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை பட்டது. பிறகு படி இல்லை. பிறகு மழை நேராக முகத்தில் விழுந்தது, இடுப்புக்குள் யாரோ விறகு முறித்த சத்தம் கேட்டது.

அந்தக் கையைத்தான் அவள் இத்தனை நாளாகக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறாள். உள்ளங்கை பட்டதா, விரல் பட்டதா? தடுமாறும் முன்னால் பட்டதா, தடுமாறிய பின்னால் பட்டதா? ஒரு கிணற்று வழக்கு நடந்தது, அண்ணன் கிணற்றில் விழுந்து செத்தான், தம்பி பக்கத்தில் நின்றான், தம்பியின் கை அண்ணன் முதுகில் இருந்ததைப் பார்த்ததாக ஒரு பெண்பிள்ளை சாட்சி சொன்னாள். தள்ளுகிற கையா, பிடிக்கிற கையா என்று வக்கீல் கேட்டார். கையைத்தான் பார்த்தேன் ஐயா என்றாள் அவள். எத்தனை தரம் மடக்கி மடக்கிக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. ஞானசெல்வம் பென்சிலைப் பிடித்தபடி, என்ன முட்டாள் பெண்பிள்ளை, இதுகூடவா தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகத்தின் பலன் தம்பிக்குப் போயிற்று. இப்போது முதுகு அவளுடையது, ஆனாலும் பதில் இல்லை. முதுகுக்குக் கண் இல்லை, அது பாட்டுக்குத் தொட்டதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. பெரிய டாக்டரிடம் சொல்ல வாய் வரை வந்திருக்கிறது. சொன்னால் போதும், கட்டில்காரிகளின் மெச்சுதல் அத்தனையும் ஒரு நொடியில் சந்தி சிரித்துவிடும். அதை அவள் விட்டுவிடவில்லை, பத்திரமாக வைத்திருந்தாள். "கண்ணைத் திறக்காதீங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்றான் தினகர். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. நன்றாக நின்றால் தனியாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவள் தனியாக இருக்கலாம் என்றால், இன்னொருத்தி போகலாம். மை பூசிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கையையும் காலையும் வீசிக்கொண்டு நாசரேத்துக்குப் போகலாம். ஞானசெல்வம் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தாள். கொஞ்சம்தான், சோற்றில் உப்புப் போடுகிற அளவு. பட்டை சட்டென்று இறுகியது. "ஓகே ஓகே, பிடிச்சுட்டேன், பயப்படாதீங்க." பெஞ்சுப் பக்கம் பை கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு இனித்தது.

நின்ற இடத்திலிருந்து கால் பெயராமல் தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னபோது லீதியாளைப் பார்த்தாள். பையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இவளைத்தான் பார்த்தாள், கண்ணை எடுக்காமல், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்த நாளில் பிள்ளைகளின் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. என்ன பார்க்கிறாள்? எந்த இடத்தில் தையல் பிரிகிறது என்றா? ஞானசெல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வேண்டுமென்றே ஒரு காலை இழுத்து வைத்துத் தடுமாறினாள். கீழே கிடந்த செருப்பைக் குனிந்து எடுக்கச் சொன்னான். பாதி குனிந்து, முடியலை என்று தலையை ஆட்டினாள். சுவரில் கையை நீட்டி எட்டும் வரை எட்டச் சொன்னான். எட்டியது, ஆனால் பாதியிலேயே கையை மடக்கிக்கொண்டாள். அவன் முகத்தில் சூப்பர் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை அது குறையும்போதும் அவளுக்குள் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருத்தி, இன்னும், இன்னும் என்றாள். இன்னொருத்திக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நேற்றுப் பெய்த மழையில் முளைத்த ஒரு பயலுக்கு முன்னால் செருப்பெடுக்கத் தெரியாதவளாக நிற்கிறாயே என்று அவள் பல்லைக் கடித்தாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து கொடுத்துப் பழக்கமில்லாத கை, எட்டவேண்டியதை எட்டாமல் மடங்கியபோது உண்மையிலேயே வலித்தது.

ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை, குதிகாலும் பெருவிரலும் ஒட்டினாற்போல வைத்து நிற்க வேண்டுமாம். சாவதானமாக வைத்தாள். எந்தப் பக்கம் தடுமாறலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு தடுமாறியது. அவள் சாயச் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், இன்னும் முடிவு சொல்லவில்லை, அதற்குள் வலது கால் இடுப்புக்குக் கீழே இல்லவே இல்லாதது மாதிரி ஆகி, சுவர் சரிந்து, விசிறி சரிந்து, கைகள் இரண்டும் காற்றில் எதையோ பிறாண்டின. பட்டை வயிற்றை வெட்டியது. தினகர் பிடித்துவிட்டான். இது நடிப்பு இல்லையே? இல்லை, நடிப்புத்தான், நான்தான் சாய்ந்தேன், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். இல்லை, நான் சாயவில்லை. அப்படியானால் முதலில் கண்ணை மூடி நின்றபோது சாய்ந்தது? அது நான். அது நான்தானா? பொய் சொல்லிச் சொல்லியே எது நடந்தது என்பதைத் தொலைத்துவிட்ட சாட்சிகள் உண்டு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் முதலில் சொன்னது உண்மையா, இப்போது சொல்வது உண்மையா என்று கேட்டால், கம்பியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பார்கள். ராத்திரியில் கக்கூஸுக்கு எழுந்து போகிற போது இப்படி ஆனால்? குளியலறையில், ஈரத்தில், வீட்டில் ஒரு ஈ காக்காய் இல்லாதபோது இப்படி ஆனால்? பால்காரன் வந்து மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். யாருமில்லாத வீட்டின் தரை எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பது கன்னத்துக்குத் தெரிந்தது. இந்தப் பயம் அவள் வைத்த பயம் இல்லை, அது எங்கிருந்தோ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் காரணம் அவள்தான், பெஞ்சில் இருக்கிறவள்தான். அவள் கை படாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எந்தத் தரையையும் யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்ததாகத் தினகர் பின்னால் போய் நின்றான். "இப்ப நான் உங்க தோளைப் பிடிச்சுப் பின்பக்கமா டக்குனு இழுப்பேன்மா. நீங்க விழாம காலை எடுத்து வச்சு நிக்கணும். எப்ப இழுப்பேன்னு சொல்ல மாட்டேன்." அவன் மூச்சு பிடரியில் பட்டது. "பின்னால நிக்காதீங்க" என்றாள். குரல் தானாகவே உயர்ந்துவிட்டது, பந்து எறிந்துகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் பார்த்தான். நான் பிடிச்சுக்குவேன், இத்தனை பேரை இழுத்திருக்கேன், ஒருத்தரையும் விட்டதில்லை என்று தினகர் சமாதானம் சொன்னான். பிடித்துக்கொள்வானாம். எல்லாரும் பிடித்துக்கொள்கிறவர்கள்தான். பின்னால் நிற்கிறவன் மனசில் என்ன இருக்கிறது என்பது முன்னால் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் பட்டை கட்டிய ஒரு கிழவி நின்றாள், அவள் தோளுக்கு மேலே ஒரு இளந்தாரி முகம், அதற்கும் பின்னால் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்ட லீதியாள். ஏன் எழுந்தாள்? பிடிக்கவா, பார்க்கவா? முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் தேடினாள். தூரம், வெளிச்சம் எதிரடித்தது, ஒன்றும் தெரியவில்லை. விழுந்துவிடுவோம், இதில் விழுந்தால் போதும், இனி அவள் எங்கும் போக முடியாது என்று நினைத்த அந்த நேரத்தில் தோள் பின்னால் போயிற்று. விழ வேண்டும் என்று முடிவு செய்திருந்தவளைக் கேட்காமல் வலது கால் பின்னால் போய் ஊன்றியது, அதன் பின்னால் இடது கால் போய் ஊன்றியது, அவள் நின்றாள். இடுப்பில் கம்பி இருந்த இடம் தீயாக எரிந்தது. நின்றுதான் இருந்தாள். "வாவ்" என்றான் தினகர். "ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கே. அப்புறம் ஏன் மத்ததுல எல்லாம்?" என்று இழுத்தான். அவள் காலைக் குனிந்து பார்த்தாள், சொல் பேச்சுக் கேட்காத வேலைக்காரியைப் பார்ப்பது மாதிரி.

கடைசியாகப் படி. ஹாலின் மூலையில் மரத்தில் செய்த ஏறி இறங்குகிற படி இருந்தது, அதில் வேறொருவர் இருந்ததால் அவரை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லி ஞானசெல்வத்தை நாற்காலியில் உட்கார்த்திவிட்டுத் தினகர் போனான். லீதியாள் பிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். சூடு பார்த்துத்தான் கொடுத்தாள், அதுவும் எரிச்சலாக இருந்தது. ஞானசெல்வம் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி, "அன்னைக்கு நீ என்னைத் தள்ளுனியாட்டி?" என்றாள். கேட்டுவிட்டாள். பத்திரமாக வைத்திருந்ததை இப்படிப் பெஞ்சோரத்தில் போட்டு உடைப்போம் என்று அவளே நினைக்கவில்லை. லீதியாள் பிளாஸ்கை நிதானமாக மூடினாள். திகைத்த மாதிரியோ கோபம் வந்த மாதிரியோ தெரியவில்லை, ரொம்ப நாளாக வராமல் இருந்த பஸ் வந்து நின்ற மாதிரிதான் பார்த்தாள். "நீ என்ன சொல்லிக்கிட்டு எறங்குனன்னு ஞாபகம் இருக்காக்கா?" "இல்ல." "ஒனக்கா? ஒனக்கு ஒரு வார்த்தை மறக்காது." பிளாஸ்கைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். இல்லைன்னாலும் நம்ப மாட்ட, ஆமான்னாலும் அதை வச்சு என்னை இங்கயே கட்டிப் போடுவ. நீ நடிக்கது எனக்குத் தெரியும். விழு, விழாம இரு. ஈஸ்டர் முடிஞ்சதும் நான் போறேன். ஒரு ஆளை வச்சுக்கிடு." அவ்வளவுதான் சொன்னாள், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில். ஞானசெல்வத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு சொல் சிந்தவில்லை. கை நிறையத் துணியோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், தூறலில் அவள் சொல்லிக்கொண்டு இறங்கியது இதுதான்: பெத்த பிள்ளைய முழுங்குன, கெட்டுன மாப்பிள்ளைய முழுங்குன, இந்தக் கிழவனையாவது உசுரோட விட்டு வையேன். அது இத்தனை நாளாக உள்ளே எங்கேயோ சுருக்கெழுத்தில் கிடந்தது, இப்போது முழு எழுத்தில் எழுந்து நின்றது. சரி, சொன்னாள். சொன்னால்? சொன்னதற்காகத் தள்ளுவார்களா? தள்ளுவார்கள் என்றும், லீதியாள் இடத்தில் தான் இருந்திருந்தால் சொல்லி முடிக்கும் முன்பே தள்ளியிருப்போம் என்றும் ஒரு குரல் உள்ளேயிருந்து சொன்னது. அவள் அதன் வாயை அடைத்தாள். வெந்நீர் ஆறிப்போனது.

ஏறுவது கஷ்டமாக இல்லை. ஒரு கை கம்பியில், பட்டையைப் பிடித்தபடி பக்கத்தில் தினகர். மேலே போய்த் திரும்பி நின்றபோதுதான் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்தது. குழந்தைகள் தாண்டிக் குதிக்கிற உயரம். அதற்கே உள்ளங்கால் கூசியது. தினகர் லீதியாளைக் கூப்பிட்டான், வீட்டில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்க. ஏறும்போதுதான் பின்னால் நிற்க வேண்டும், இறங்கும்போது கூட இருப்பவர் முன்னால், ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்றான். "இறங்கறப்ப பின்னாடி நின்னு யாரையும் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனா தள்ளி விட்ட மாதிரிதான் ஆகும்." சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவன் பட்டையைச் சரி செய்தான். இரண்டு சகோதரிகளும் அவனைப் பார்த்தார்களே தவிர, ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. லீதியாள் ஏறி வந்து ஒரு படி கீழே நின்றாள். முகத்தைப் பார்த்து நிற்கச் சொன்னான். "பின்பக்கமா எறங்குனா எனக்குத் தலை சுத்தும் சார், இப்படியே நிக்கேன்" என்று சொல்லி அவள் திரும்பிக்கொண்டாள். அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. "சரி, ஒரு கையை அவங்க மேல வச்சுக்குங்கம்மா" என்றான் தினகர்.

ஞானசெல்வம் கையை வைத்தாள். இடது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, வேறு எங்கே வைப்பது, கை போனால் அங்கேதான் போகிறது. ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. அதற்கு அடியில் எலும்பு, இவ்வளவு சிறிய எலும்பா இது, ஒரு கோழியின் முதுகு மாதிரி. மை பூசிய தலையில் காதோரம் அரைவிரல் அகலத்துக்கு வெள்ளை எட்டிப் பார்த்தது. பூச நேரமில்லை போல. கையின் அடியில் முதுகு விறைத்தது. எதற்கோ காத்திருக்கிற மாதிரி விறைத்தது. அப்போது அவளுக்குப் புரிந்தது, என் கை என்ன செய்யும் என்று தெரியாமல்தான் இவள் கம்பியையும் பிடிக்காமல் நிற்கிறாள், தெரிந்துகொள்ளத்தான் நிற்கிறாள். ஆத்திரம் பொங்கியது. ஈஸ்டர் முடிந்ததும் போகிறாளாம். ஒரு ஆளை வைத்துக்கொள்ள வேண்டுமாம். போ, போய்த் தொலை, அந்தத் தொண்டை கட்டினவனுக்குச் சோறாக்கிப் போடு, இருமும்போது நெஞ்சைத் தடவிவிடு. கால் நடுங்கியது, உடம்பு முன்னால் போயிற்று, உள்ளங்கை அழுந்தியது. லீதியாள் ஒரு அசை அசைந்தாள். அசைந்து, பாதத்தை அகட்டி, நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. "வெயிட் அவங்க மேல போடாதீங்கம்மா, சும்மா தொட்டுக்கிட்டா போதும்" என்றான் தினகர், ஒன்றும் தெரியாதவனாக. சாய்ந்தாளா, தள்ளினாளா? யாராவது கூண்டில் ஏற்றிக் கேட்டால், பைபிளில் கை வைத்துக் கேட்டால், என்ன சொல்வாள்? கை அவளுடையது, தோளிலிருந்து விரல் நுனி வரை அவளுடையது, அதில் நரம்பெல்லாம் அவளுக்கே வந்து சேருகிறது, அப்படியும் அவளுக்குத் தெரியவில்லை. கையைத்தான் பார்த்தேன் என்பதற்கு மேல் அவளிடம் ஒரு சொல் இல்லை. உள்ளங்கையில் அந்த முதுகு மூச்சு வாங்கியது, மேலும் கீழுமாக, வேகமாக. ஞானசெல்வம் கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், மற்ற கை கம்பியில். "தள்ளிக்கோ" என்றாள். லீதியாள் நகராமல் நின்றாள். "தள்ளிக்கோட்டி. நான் எறங்கணும்."

லீதியாள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கீழே போனாள். தினகர் வேண்டாம் என்று சொல்லப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டான். முதலில் உடைந்த காலை இறக்கு, நல்ல கால் மேலேயே இருக்கட்டும் என்று அவன் எப்போதோ சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது. அவளுக்கு எதுவும் மறக்காது. இறக்கினாள். இடுப்பு எரிந்தது. சாயவில்லை. அடுத்த படி. நாசரேத்துக்குப் போகிறவள் போகட்டும், ஆனால் அக்காவை நொண்டியாக விட்டுவிட்டுப் போனேன் என்று பரிதாபப்படுகிற சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கக் கூடாது. அடுத்த படி. தனி வீட்டின் தரை எவ்வளவு குளிர்ச்சி என்று கன்னம் நினைவூட்டியது, பயம் இருந்த இடத்தை விட்டு ஒரு அங்குலமும் நகரவில்லை, அதையும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினாள். கடைசிப் படியில் கம்பியையும் விட்டுவிட்டுத் தரையில் கால் வைத்தாள், கண்ணாடியில் நின்ற பட்டை கட்டிய கிழவியை முறைத்துப் பார்த்தாள். தினகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் முன்னால் செய்ததையெல்லாம் திரும்ப ஒரு முறை பார்த்துவிடலாமா என்று கேட்டான். பாருங்கள் என்றாள் ஞானசெல்வம். செருப்பை எடுத்தாள். சுவரில் எட்டும் வரை எட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, மின்விசிறியின் டிக்கைக் கேட்டுக்கொண்டு, அவன் போதும் என்று சொன்ன பிறகும் திறக்காமல் நின்றாள். குதிகாலும் விரலும் ஒட்ட வைத்து நின்றபோது மட்டும் உடம்பு ஆடியது, அதை அவள் மறைக்கவில்லை, ஆடிக்கொண்டே நின்றாள். எல்லாம் முடிந்ததும் தினகர் பட்டையை அவிழ்த்தான். தனியாக இருக்கலாம் என்றுதான் டாக்டரிடம் சொல்லப்போவதாகச் சொன்னான், குளியலறையில் மட்டும் கம்பி வைத்துக்கொள்ளுங்கள் என்றான். பிறகு லீதியாள் பக்கம் திரும்பி, வீட்டில் மாடிப்படி எப்படி இருக்கும், ரொம்பச் செங்குத்தா என்று விசாரித்தான். லீதியாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்க்காமலே, "செங்குத்துதான் சார்" என்றாள். "அவ எறங்கிருவா."